தெருவில் பழைய கார்களை அடையாளம் காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தேன். பந்தி முடிந்து, வெயில் தாழட்டும் என்று பக்கத்துத் தெருவில் மச்சானோடு நடந்துகொண்டிருந்தேன். பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கம்பிக் கதவுக்கு உள்ளே தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு வண்டி. "ஏதோ பழைய அம்பாசிடர், வா மாப்ள" என்றார் மச்சான். தார்ப்பாய் ஓர் இடத்தில் மட்டும் கிழிந்திருந்தது. முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு சாண் அளவு. அந்த இடைவெளியில் துருப்பிடித்த சின்னக் கொக்கி ஒன்று தெரிந்தது.

அம்பாசிடரில் அந்த இடத்தில் கொக்கி கிடையாது. பானெட்டைப் பக்கவாட்டில் கொக்கி போட்டுப் பூட்டுகிற, நம் ஊரில் நிறைய ஓடிய கார் ஒன்றுதான்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதன் பானெட்டும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டு. இரு பக்கக் கொக்கிகளையும் விடுவித்தால் மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மச்சான் நம்பவில்லை. வாட்ச்மேன் வந்து தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினார். ஹெரால்டுதான்.

காரின் ஒரு சாண் துண்டைப் பார்த்து முழுக் காரையும் சொல்வது: கார் பார்க்கும் பழக்கம் என்பது மொத்தத்தில் இவ்வளவுதான். இதற்குப் பணம் வேண்டாம், கேமராகூட வேண்டாம். கொஞ்சம் பொறுமையும், வெட்கப்படாமல் அடுத்தவர் வீட்டுக் காம்பவுண்டை எட்டிப் பார்க்கும் மனசும் போதும்.

முதல் படி: எதைத் தேடுகிறோம்?

நம் ஊரில் பழைய கார் எல்லாமே "விண்டேஜ்"தான். கல்யாண பத்திரிகைக்காரர் முதல் டிவி செய்தியாளர் வரை அப்படித்தான் சொல்கிறார்கள். பழைய கார் வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்குக் கணக்கு உண்டு. 1919 முதல் 1930 வரை செய்யப்பட்டவைதான் விண்டேஜ். 1931 முதல் 1945 வரை செய்தவை போஸ்ட் விண்டேஜ். போருக்குப் பின் வந்தவற்றைப் பொதுவாகக் கிளாசிக் என்பார்கள். உலக அளவிலான பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 வயது ஆனதைத்தான் வரலாற்று வாகனம் என்கிறது. நம் மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதியோ 50 வயது கேட்கிறது. அரசுக்கு விண்டேஜ் என்பதும் ரசிகருக்கு விண்டேஜ் என்பதும் வேறு வேறு என்று தெரிந்திருந்தால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

என் யோசனை என்னவென்றால், ரோல்ஸ் ராய்ஸைத் தேடி அலையாதீர்கள். அவை சேகரிப்பாளர்களின் ஷெட்டில், ஈரம் படாமல், வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யப்பட்டு பத்திரமாக இருக்கின்றன. பேரணி நாளில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். உண்மையில் நம் கண் முன்னால் அழிந்துகொண்டிருப்பவை 1980கள், 90களின் சாதாரணக் கார்கள். அவற்றை யாரும் கிளாசிக் என்று மதிப்பதில்லை, அதனாலேயே காயலான் கடைக்குப் போகின்றன. 1995 மாடல் டேவூ சீலோ ஒன்றை ஓட்டத்தில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: அம்பாசிடரையும் ஃபியட்டையும் மனப்பாடம் செய்யுங்கள்

அரிதானதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் சாதாரணமானது கண்ணில் ஊற வேண்டும். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால், இவை இரண்டும் இல்லாத பழைய வண்டி எது என்பது தானாகவே பளிச்சென்று தெரியும்.

அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார். 1950களின் கடைசியில் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்யத் தொடங்கி, 2014 வரை செய்தார்கள். இவ்வளவு நீண்ட காலத்தில் உடல் பெரிதாக மாறவில்லை. முகம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. எனவே முகத்தைப் படியுங்கள். 1960களின் மார்க் 2 என்றால் கிரில்லில் நெருக்கமான சின்னச் சின்னக் கட்டங்கள். 1975இல் வந்த மார்க் 3இல் கட்டங்கள் போய்ப் படுக்கைவாட்டப் பட்டைகள் வந்தன. 1979க்குப் பிறகான மார்க் 4இல் கட்டங்கள் திரும்பி வந்தன, ஆனால் பெரிதாக. பக்க விளக்கும் சதுரமாகிவிட்டது. 90களில் வந்த இசுசு இன்ஜின் வண்டியைக் காதாலேயே பிடிக்கலாம். பழைய 1489 சி.சி. இன்ஜினின் கரகரப்பு அதில் இல்லை. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தால் கியர் தண்டு ஸ்டியரிங்கை விட்டுத் தரைக்கு வந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கிரில் என்பது நாலு ஸ்க்ரூவில் மாட்டியிருக்கும் பொருள். மார்க் 4 வண்டிக்கு மார்க் 2 முகம் மாட்டி "சிக்ஸ்டீஸ் மாடல் சார்" என்று விற்பவர்கள் உண்டு. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள், மூன்று பொருந்த வேண்டும். காரைக்குடிக் கொக்கி விதிவிலக்கு, ஏனென்றால் அதைப் பின்னாளில் யாரும் மாட்டிக்கொள்ள முடியாது.

ஃபியட் கதை கொஞ்சம் நீளம். பத்மினி என்ற பெயர் வந்தது 1974இல்தான். அதற்கு முன் அதே உடல் 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பம்பாய் குர்லாவில் பிறந்தது, இடையில் கொஞ்ச காலம் பிரசிடெண்ட் என்ற பெயரிலும் ஓடியது. நம் மக்கள் இந்தப் பெயர் மாற்றத்தையெல்லாம் பொருட்படுத்தாமல் கடைசிவரை "ஃபியட்" என்றே கூப்பிட்டார்கள். பின்பக்க மட்கார்டு லேசாக வால் போல் மேலெழும்பி நிற்பதும், 1089 சி.சி. இன்ஜினின் துறுதுறுப்பான சத்தமும் அடையாளம். கிரில்லில் ஃபியட் சின்னம் இருந்தால் முந்தையது, அதைச் செய்த பிரீமியர் நிறுவனத்தின் சின்னம் என்றால் பிந்தையது. இங்கும் சின்னத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இதைவிடப் பழைய, உருண்டையான 1950களின் ஃபியட் 1100 கண்ணில் பட்டால் நின்றுவிடுங்கள். முன்கதவின் கீலைப் பாருங்கள். கீல் பின்னால் இருந்து, கதவு முன்பக்கத்திலிருந்து திறந்தால், நீங்கள் பார்ப்பது பத்மினிக்கு முந்தைய தலைமுறை. இதை வடக்கே "டுக்கர்" ஃபியட், அதாவது பன்றி ஃபியட் என்பார்கள். அந்த மூக்கைப் பார்த்தால் ஏன் என்று புரிந்துவிடும்.

மூன்றாம் படி: நம் ஊரில் பிறந்தவை

சென்னையைச் சுற்றி மட்டும் தனியாக ஒரு கார் வரலாறு இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், ஆரம்பத்தில் லாரி செய்யவில்லை. ஆஸ்டின் ஏ40 கார்களைத்தான் பூட்டி விற்றது. 1955இல் லேலண்ட் கூட்டு சேர்ந்த பிறகே இன்று நாம் அறிந்த அசோக் லேலண்ட் ஆனது. ஆகவே தமிழ்நாட்டில் ஓர் ஏ40 கிடைத்தால் அது எண்ணூரில் பிறந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பானெட் நுனியில் இறக்கை விரித்தது போன்ற ஆங்கில ஏ எழுத்துச் சின்னத்தைத் தேடுங்கள்.

அடுத்தது வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை. 1961இலிருந்து இங்கே வந்த ஹெரால்டுதான் நான் முதலில் சொன்ன கொக்கிக் கார். வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கலோட்டி. விளக்குகளுக்கு மேல் இமை போல நீளும் தகடு, மெல்லிய கூரைத் தூண்கள், பெரிய கண்ணாடிகள். 25 அடி இடம் இருந்தால் வட்டமடித்துத் திரும்பிவிடும் என்பது அதன் பெருமை. குறுகலான தெருவில் ஹெரால்டு வைத்திருந்த டாக்டர்கள் அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு பேர் என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு கதவு ஹெரால்டு கிடைத்தால் முந்தையது. நாலு கதவு என்றால் 60களின் இறுதியில் வந்தது, அது இந்தியாவில் மட்டுமே செய்தது. வெளிநாட்டு ரசிகர் ஒருவர் இங்கே வந்தால் அதன் முன்னால்தான் வாய்பிளந்து நிற்பார்.

1972இல் ஹெரால்டின் இடத்துக்கு கெஸல் வந்தது. ஹெரால்டின் இளைய தம்பி, முகம் மாறியிருக்கும். 1977இல் நிறுத்திவிட்டார்கள். ஐந்தே வருடம் என்பதால் இன்று ஹெரால்டைவிட கெஸல் கிடைப்பது கடினம்.

அதே ஆலையின் கடைசி ஆசை ஸ்டாண்டர்டு 2000. 1985இல் வந்தது. உடல் ரோவர் எஸ்.டி.1 என்ற அழகான, நீண்ட, பின்கதவு சரிந்திறங்கும் ஆங்கிலக் கார். உள்ளே வைத்ததோ 50களின் வான்கார்டு என்ற கார் காலத்து 1991 சி.சி. இன்ஜினின் வழித்தோன்றல். விலையும் அதிகம், பெட்ரோல் குடியும் அதிகம். 1988இல் எல்லாம் முடிந்துவிட்டது. பட்டுச் சேலைக்குள் பழைய சாக்கு என்று என் மாமா இதைச் சொல்வார். எனக்கென்னவோ தெருவில் ஒரு பழைய பென்ஸைப் பார்ப்பதைவிட ஸ்டாண்டர்டு 2000ஐப் பார்ப்பதில்தான் சந்தோஷம் அதிகம்.

நான்காம் படி: யாரும் மதிக்காதவற்றின் பட்டியல்

இவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் ஓட்டத்தில் சிலவாவது கிடைக்கும்.

1983 டிசம்பரில் வந்த முதல் மாருதி 800. பின்னாளில் நாம் எல்லோரும் ஓட்டிய உருண்டை 800 அல்ல இது. எஸ்.எஸ்.80 எனப்படும் அந்த முதல் உருவம் பெட்டி போல இருக்கும், 1986 வாக்கில் மாறிவிட்டது. காண்டெஸா, 1984 முதல் 2002 வரை: நான்கு வட்ட விளக்கு, நீண்ட மூக்கு, உள்ளே இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கார் எலும்புக்கூடு. சாதாரண காண்டெஸா வேறு, "கிளாசிக்" என்று பின்னால் எழுதிய இசுசு இன்ஜின் காண்டெஸா வேறு. பிரீமியர் 118 என்.இ.: ஃபியட் 124 உடலுக்குள் நிசான் இன்ஜின். முதல் டாடா சியரா, 1991: மூன்றே கதவு, பின்பக்கம் கூரைவரை வளைந்து ஏறும் திறக்க முடியாத கண்ணாடி. அப்புறம் பெங்களூர் சிபானியின் டால்ஃபின். கண்ணாடி நார் உடல் என்பதால் துருவே பிடிக்காது, ஆனாலும் காணாமல் போய்விட்டது. உடலை விரலால் தட்டிப் பார்த்தால் டப்பென்று பிளாஸ்டிக் சத்தம் கேட்கும். தட்டுவதற்கு முன் உரிமையாளரைக் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக் கார்களைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை, அதற்குத் தனிப் புத்தகமே வேண்டும். மூன்று குறிப்பு போதும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பின்கண்ணாடியைப் பாருங்கள்: நடுவில் தண்டு வைத்துப் பிளந்திருந்தால் 1953க்கு முந்தையது, முட்டை வடிவம் என்றால் 1957 வரை, பெரிய செவ்வகம் என்றால் அதற்குப் பிறகு. மோரிஸ் மைனரில் முன்கண்ணாடி இரண்டு துண்டாக இருந்தால் 1956க்கு முந்தையது. பழைய செவர்லே இம்பாலாவில் பின்பக்கம் ஒவ்வொரு பக்கமும் மூன்று மூன்று வட்டச் சிவப்பு விளக்கு. 1959 மாடலுக்கு மட்டும் வௌவால் இறக்கை போல விரிந்த வாலும் பூனைக்கண் விளக்கும்.

ஐந்தாம் படி: எங்கே, எப்போது?

ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டரை. பழைய கார் வைத்திருப்பவர்கள் வெயிலுக்குப் பயந்தவர்கள், ரேடியேட்டர் கொதிக்கும். நெரிசலுக்கும் பயந்தவர்கள், கிளட்ச் காலை ஒடித்துவிடும். அதனால் விடிந்ததும் எடுத்து, டிபன் நேரத்துக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டீக்கடையோரம் உட்கார்ந்தால் போதும், நாம் அலைய வேண்டாம்.

மற்ற நாட்களில் ஓடாத கார்களைத் தேடுங்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் பின்வாசல் தெரு, பழைய ரைஸ் மில், மூடிய தியேட்டர், ஊரின் மூத்த டாக்டர் வீட்டு கேரேஜ். கிராமத்தில் விசாரிக்கும்போது "பழைய கார் இருக்கா?" என்று கேட்காமல், "பெரியவங்க காலத்து பிளசர் எதுவும் கிடக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். தெற்கே வயதானவர்களுக்கு கார் என்றால் பிளசர்தான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் முகம் மாறி, ஒரு கதையோடு வந்து நிற்பார்கள்.

மெக்கானிக் ஷெட்டைவிட டிங்கரிங் ஷெட் நல்லது. பழைய வண்டிகள் அங்கேதான் மாதக்கணக்கில் கிடக்கும். சென்னை புதுப்பேட்டையில் முழுக் கார் கிடைக்காது, ஆனால் கதவு, விளக்கு, கிரில் எல்லாம் குவிந்து கிடப்பதால் உறுப்புகளை அடையாளம் காணப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஜீப் பிரியர்கள் போடி, கம்பம் பக்கம் விடியற்காலையில் நிற்க வேண்டும். மலையேறி ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் பாட்டன் வயதுள்ளவையும் இருக்கும்.

கண்ணுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தினரின் ஜீடி கார் மியூசியத்தில் அரை நாள் செலவிடுங்கள். சென்னை வடபழனியில் ஏ.வி.எம். ஸ்டூடியோ வளாகத்திலும் 2023இல் ஒரு காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இந்தப் படியே வேண்டாம். ஆஸ்டின், மோரிஸ் எல்லாம் அங்கே சாதாரணமாகத் தெருவில் ஓடும். போர்க்காலத்தில் பெட்ரோல் வராதபோது மண்ணெண்ணெயில் ஓட்டிக் காப்பாற்றிய வண்டிகள் அவை. புது வண்டியும் வராததால் பழையதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

ஆறாம் படி: நம்பர் பிளேட்டைப் படிப்பது

இது தெரிந்தால் தூரத்திலிருந்தே பாதி வேலை முடியும். இப்போதுள்ள டி.என். வரிசை 1980களின் கடைசியில் வந்த மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பிறகானது. அதற்கு முன் மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும்தான். எம்.டி. (MD), எம்.எஸ். (MS) என்று தொடங்கும் மூன்றெழுத்து இருந்தால் மதராஸ் மாநிலக் காலத்து நினைவு. டி (T) என்று தொடங்கும் மூன்றெழுத்து வரிசைகள் தமிழ்நாடு என்ற பெயர் வந்த பிறகானவை. டி.என். வரிசையிலேயே, ஊர் எண்ணுக்குப் பின் எழுத்தே இல்லாமலோ ஒரே எழுத்தோடோ இருந்தால் அது தொடக்க காலத்து வண்டி.

மத்திய அரசின் 2021 விதிப்படி பதிந்த 50 வயது வண்டி என்றால், மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று இருக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ எடுக்கக் கூடாது.

ஆனால் பிளேட் சொல்வது பதிந்த வருடத்தை, பிறந்த வருடத்தை அல்ல. வெளிமாநிலத்திலிருந்து வந்து மறுபதிவு ஆன 1962 ஃபியட்டுக்குப் புது எண் இருக்கலாம். எம்பரிவாஹன் என்ற அரசு செயலியில் எண்ணைத் தட்டிப் பார்க்கலாம், கணினியில் ஏறாத பழைய எண்ணுக்கு ஒன்றும் வராது.

ஏழாம் படி: வேஷக்காரர்கள்

நான் ஏமாந்த கதை இது. ஒரு கல்யாண மண்டப வாசலில் திறந்த மேனியும் பித்தளை ஹாரனுமாக 1920கள் கார் ஒன்று. பத்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தேன். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு, "ஜீப் சேசிஸ்ணே, நம்ம ஊர்ப் பட்டறையில அடிச்சது" என்றார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக இப்படிச் செய்த வண்டிகள் ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

கீழே குனிந்து பாருங்கள். அசல் 1920கள் காருக்குச் சக்கரம் உயரம், டயர் ஒல்லி. பொய் வண்டிக்கு ஜீப்பின் குண்டு டயர். தகட்டின் ஓரங்களில் வெல்டிங் புடைப்பு தெரியும். முன்சக்கரம் மூக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அக்காலக் கார்களில் ரேடியேட்டர் ஏறக்குறைய முன்சக்கர அச்சுக்கு நேர் மேலே நிற்கும். அதைவிட முன்னால் துருத்திக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங் மட்டும் நேற்று வாங்கியது போல மின்னினால், கேள்வியே வேண்டாம்.

எட்டாம் படி: உரிமையாளரிடம் பேசுவது

தொடாதீர்கள், சாயாதீர்கள், குழந்தையை பானெட்டில் உட்கார வைத்துப் படம் எடுக்காதீர்கள். "என்ன விலை சார் போகும்?" என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். தினமும் நாலு புரோக்கர் கேட்கும் கேள்வி அது. "இதுக்கு பேரிங் எங்கண்ணே கிடைக்குது?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார், பானெட்டையும் திறந்து காட்டுவார். திறந்தால் உள்ளே ரிவெட் அடித்த தகட்டைப் பார்த்து, அதிலுள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்று அவரையே கேளுங்கள். ஒத்துப்போனால் அவர் முகத்தில் ஒரு பெருமை வரும் பாருங்கள்.

படத்தை வெளியே போடுவதாக இருந்தால் எண்ணை மறைத்துவிடுங்கள், தெருப் பெயரைப் போடாதீர்கள். ஆளில்லாத வீட்டில் கிடக்கும் காருக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். கிரில்லையும் விளக்கையும் ராத்திரியில் கழற்றிக்கொண்டு போக ஆள் இருக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: குறிப்பு நோட்டு

கைபேசியில் படம் ஆயிரம் சேரும், பிறகு தேடினால் கிடைக்காது. நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். தேதி, ஊர், மாடல், எதை வைத்துக் கண்டுபிடித்தேன், சந்தேகம் என்ன, ஓடுகிறதா கிடக்கிறதா. "எதை வைத்து" என்ற பத்திதான் முக்கியம், தப்பாகச் சொன்னது பின்னால் தெரியவரும்போது எங்கே சறுக்கினோம் என்று அதில் இருக்கும். பார்த்த இடத்துக்கே இரண்டு வருடம் கழித்துப் போய் அதே பக்கத்தில் இன்னொரு வரி சேர்ப்பதும் என் வழக்கம்.

காரைக்குடிப் பக்கத்தில் இப்போதைக்கு ஒரு வரிதான் இருக்கிறது: "ஹெரால்டு, இரண்டு கதவு, வலது கொக்கி. இடது கொக்கி பார்க்கவில்லை." மச்சானிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.